ஆனைக்கற்றாழைக்கு எதற்கு அன்றாடம் தண்ணீர்?

கோவை மாடிகளில் ஆனைக்கற்றாழையைத் தொட்டியில் வைத்து நாளும் நீரூற்றுகிறோம். பல்லடம் பக்கத்து வரப்புகளில் அதையே பிடுங்கிவிட்டுக் கம்பிவேலி போடுகிறோம். இரண்டும் அச்செடியை அறியாமையால் விளைபவை என்பேன். நானும் ஒன்றை நீரூற்றியே அழுகவிட்டவன்.

மெக்சிகோவிலிருந்து வந்த செடிதான். நம் மிளகாயும் அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்ததே. பகலில் இலைத்துளைகளை மூடி, இரவில் திறந்து கரியமில வாயுவை வாங்கிக்கொள்வதால் அது நீரை அதிகம் இழப்பதில்லை. வெயிலும், நீர் தேங்காத சரளைமண்ணும் போதும். பல்லாண்டுச் சேமிப்பை ஒரே பூந்தண்டில் செலவிட்டுத் தாய்ச்செடி மடியும், பக்கக்கன்றுகள் தொடரும்.

மழைமறைவு நிலமான கொங்குநாட்டின் வரப்புகளில் மண்ணைப் பிடித்து நிறுத்தவும், கயிற்றுக்கு நார் தரவும் வல்லது அது. நுனிமுள் கண்ணைக் குத்தும் என்பதால் நடைபாதையோரம் மட்டும் வேண்டாம். வரப்பில் நிற்பதையாவது பிடுங்காதிருப்போம்.