எஸ்0சி4 வந்தா மெஷினைத் திட்டாதீங்க!

"பி.காம் படிக்கிற பையனுக்கு டம்ப் எல்லாம் எதுக்குப்பா?"

ஒரு பயிற்சி நிலையத்தில் என்னிடம் கேட்டது. பெரம்பலூரில் பஸ் ஏறி அரியலூரில் இறங்கும்வரை இதுதான் மண்டைக்குள் ஓடியது. இதோ பதில்.

மெயின்பிரேம் அசெம்ப்ளர் புரோகிராம் எஸ்0சி4 என்று விழுந்தால் நம்மாட்கள் மெஷினைத் திட்டுவார்கள். இல்லையென்றால் ஏதோ ஒரு வரியை மாற்றி மாற்றி ஓட்டிப் பார்ப்பார்கள். ஓடிவிட்டால் "சரியாயிடுச்சு". இதுக்குப் பேர் திருத்துறது இல்லைங்க, குறி சொல்றது!

இது ஒன்றும் நமக்குப் புதுசும் இல்லை. 1973லேயே சென்னை ஐஐடிக்கு ஐபிஎம் 370/155 வந்தாச்சு. விஷயமும் எளிதுதான். நினைவகத்தின் ஒவ்வொரு துண்டுக்கும் 0 முதல் 15 வரை ஒரு சாவி எண். சிஸ்டத்துக்கு 0, சாதாரண புரோகிராமுக்கு 8. சாவி பொருந்தாத இடத்தில் எழுதப் போனால் எஸ்0சி4. (இல்லாத பக்கத்தைத் தொட்டாலும் இதேதான்.) 2007ல் அரியலூர் மறுபடி தனி மாவட்டம் ஆன பிறகு இங்கத்து பட்டாவை பெரம்பலூர் ஆபீஸில் மாற்ற முடியுமா? அந்தக் கதைதான்.

தப்பு எங்கே? சாவித் தகராறு என்றால் பி.எஸ்.டபிள்யூ காட்டும் முகவரி அடுத்த கட்டளையுடையது. கட்டளையின் நீளத்தைக் கழியுங்கள். புரோகிராம் ஆரம்பிக்கும் முகவரியையும் கழியுங்கள். மிச்சத்தை லிஸ்டிங்கில் தேடினால் குற்றவாளிக் கட்டளை கிடைக்கும். அது நம்பியிருந்த ரிஜிஸ்டரில் என்ன இருந்தது? பூஜ்யமா? லோடு பண்ண மறந்தது எந்த வரி? லெட்ஜரிலிருந்து வவுச்சருக்குப் போகிறோமே, அதேதான். இதையா பி.காம் பையனுக்கு வராது என்கிறீர்கள்?!

"எஸ்0சி4 வரலை, அப்ப சரி" என்பவர்களுக்கு ஒன்று. டிரயல் பேலன்ஸ் டேலி ஆனால் கணக்கு சரி என்று அர்த்தமா? ராமசாமி கணக்கில் எழுத வேண்டியதை கந்தசாமி கணக்கில் எழுதினாலும் டேலி ஆகுமே! இங்கேயும் அப்படித்தான். உங்கள் சாவிக்குள்ளேயே பக்கத்து டேபிளை அழித்தால் மெஷின் வாயே திறக்காது. பூஜ்யம் முகவரியில் எழுதினால் விழும், அங்கிருந்து எடுத்தால் பெரும்பாலும் சத்தமே வராது. தப்பான எண் அமைதியாக அறிக்கையில் போய் உட்காரும். பேங்க், இன்சூரன்ஸ் கணக்குகள் இன்றும் நிறைய மெயின்பிரேமில்தான். அந்த எண் யாரோ ஒருவருடைய பணம்.

மக்காச்சோளம் விற்ற காசை பீஸாக வாங்கிக்கொண்டு டம்ப் படிக்கக் கற்றுத்தராமல் அனுப்புவது ஏமாற்று வேலை. ஹெர்குலிஸ் என்ற எமுலேட்டர் இலவசம், அதில் பழைய எம்விஎஸ் 3.8 ஓடும், வீட்டுக் கம்ப்யூட்டரே போதும். இன்றைக்கே வேண்டுமென்று ஒரு ரிஜிஸ்டரைப் பூஜ்யமாக்கி விழ வையுங்கள். பிறகு கழித்துப் பாருங்கள்.

கழித்தல் நமக்குத் தெரியும்தானே?