இடாப்பு திறக்க மறுக்கும் வேளை

பாடசாலையிலே காலைமணி அடித்ததும் ஆசிரியர் முதலிற் கையில் எடுப்பது வரவு இடாப்பு. அதிலே பெயருள்ளவரே அவ்வகுப்பின் மாணவர். பெயரில்லாதவர் முன்வரிசையில் வந்தமர்ந்திருந்தாலும் கணக்கில் வாரார். கணினிகள் பல ஒன்றோடொன்று பிணைந்து இயங்கும் வலையமைப்பிற்கும் இத்தகைய இடாப்பு ஒன்று வேண்டப்படுகின்றது. உள்ளே வர விரும்புபவர் யார், அவர் தந்த கடவுச்சொல் சரியானதா, எவ்வெவ் வசதிகளைப் பயன்படுத்த அவருக்கு உரிமையுண்டு என்னும் வினாக்களுக்கு அந்த இடாப்பே விடை கூறும். அதனைப் பேணி விடைபகரும் கணினியை அடைவுச் சேவையகம் என்பர்.

ஐம்பது கணினிகள் உள்ள கூடமொன்றை எண்ணிக்கொள்ளுங்கள். ஒருநாட் காலை அடைவுச் சேவையகம் மாத்திரம் தொடங்க மறுக்கின்றது. ஐம்பது கணினிகளும் நலமே, மின்சாரமும் உண்டு, மாணவரும் வந்துவிட்டனர். ஆயினும் பெயரைச் சரிபார்க்க ஆளில்லாமையால் எல்லோரும் வாயிலிலே நிற்கின்றனர். இந்நிலையிற் செய்யவேண்டுவது யாது, செய்யத்தகாதது யாது என்பதை இவ்வாரம் ஆராய்வோம்.

முன்னதாக வரலாறு சிறிது. 1988ஆம் ஆண்டில் எக்ஸ்.500 என்னும் அனைத்துலக நியமம் இத்தகைய அடைவுகளுக்கென வகுக்கப்பட்டது. அது மிகப் பாரமானதாய் இருந்தமையால், அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ரிம் ஹவ்ஸ் என்பாரும் அவரோடு உழைத்தோரும் 1993இல் எளிய முறையொன்றை வெளியிட்டனர். அதுவே எல்டாப். 1998இல் தொடங்கிய ஓப்பன் எல்டாப் திட்டம், அம்முறையில் அமைந்த மென்பொருளை எவரும் விலையின்றிப் பெற வழிசெய்தது. அதன் சேவையக நிரலுக்குச் சிலாப்டி என்று பெயர். நாம் இங்கு எடுத்துக்கொள்வது அதனையே.

வயலுக்கு நீர் வரவில்லையென்றால் வன்னி விவசாயி குளக்கட்டை வெட்டப் புறப்படுவதில்லை. துருசு திறந்துள்ளதா என்று முதலிற் பார்ப்பார். பின்னர் வாய்க்கால் வழியே நடந்து அடைப்பு எங்கேயென்று தேடுவார். கணினிக்கும் அந்த ஒழுங்கே பொருந்தும்.

முதற்கண், அது சொல்வதைக் கேட்க வேண்டும். சிலாப்டி தொடங்க மறுக்கும்போது, பெரும்பாலும் அதன் காரணத்தைப் பதிவுக் கோப்பில் எழுதிவிட்டே ஓய்கின்றது. பின்னணியில் மறைந்தோடாமல், திரையிலேயே செய்திகளைக் கூறிக்கொண்டு தொடங்கச் செய்யும் முறையும் உண்டு. அச்செய்திகளின் கடைசி வரி, தான் நின்றுவிட்டதாக மட்டுமே அறிவிக்கும். அதற்கு மேலே முதன்முதலாகத் தோன்றும் பிழைவரியே நமக்கு வேண்டியது. அதனைப் பிழையின்றிக் கொப்பியில் எழுதிக்கொள்ளுங்கள்.

இனிக் காரணங்களைக் காண்போம். எல்டாப் சேவைக்கென ஒதுக்கப்பட்ட வாயில் எண் 389. முன்னர் தொடங்கிய சிலாப்டி ஒன்று அணையாமல் அவ்வாயிலிலே அமர்ந்திருப்பின், புதியதற்கு இடமில்லை. இருப்பதை முறைப்படி நிறுத்திவிட்டாற் போதும். அடுத்தது அமைவுக் கோப்பு. அதிலே ஓர் எழுத்துத் தவறினாலும் நிரல் மேற்செல்லாது. அதனைச் சோதிப்பதற்கென்றே சிலாப்டெஸ்ட் என்னும் கருவியும் உடன் வருகின்றது.

மூன்றாவது காரணம் பலரையும் திகைக்க வைப்பது. லினக்ஸ் முறைமையிற் கோப்பு ஒவ்வொன்றுக்கும் உடைமையாளர் ஒருவர் உண்டு. சிலாப்டி தனக்கெனத் தனிக்கணக்கு ஒன்றிலேயே வழக்கமாக இயங்கும். நிருவாகி தம் முழு அதிகாரத்தோடு பராமரிப்பு வேலை ஒன்றைச் செய்தாராயின், அப்பொழுது பிறக்கும் தரவுக் கோப்புகள் நிருவாகியின் உடைமையாகிவிடும். மறுமுறை தொடங்கும்போது சிலாப்டி தன் வீட்டுப் பெட்டியைத் தானே திறக்க இயலாது நிற்கும். கோப்புகளின் உடைமையை மாற்றிக்கொடுத்தால் நொடியில் தீரும் குறை இது. மறைகுறியாக்கத்திற்கான சான்றிதழின் திறவுகோற் கோப்பை வாசிக்க அனுமதியில்லாத போதும் இவ்வாறே நிகழும். வன்தட்டு நிரம்பிவிட்டதா என்றும் மறவாது பார்க்க வேண்டும்.

நான்காவது மின்தடை. 2022ஆம் ஆண்டு மார்ச் இறுதியில் நாடெங்கும் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணித்தியாலம் வரை மின்வெட்டு நிகழ்ந்தது. 2025 பெப்ரவரி 9ஆந் திகதி பாணந்துறை மின்னுபநிலையத்திற் குரங்கொன்று புகுந்தமையால் இலங்கை முழுவதும் இருளில் மூழ்கிற்று. இப்படித் திடீரென நிற்கும்போது, பேர்க்லி முறையிலான பழைய தரவுக்கிடங்குகள் சீர்குலைந்து, மீட்புக் கருவியின் துணையை நாடுவதுண்டு. ஓப்பன் எல்டாப் குழுவினர் 2011இல் அறிமுகஞ் செய்த எல்.எம்.டி.பி. என்னும் கிடங்கு இவ்விடரைப் பெரிதும் தாங்கவல்லது. 2021இல் வெளிவந்த 2.5ஆம் பதிப்பு பழைய பேர்க்லி கிடங்கை அறவே கைவிட்டது. ஆகவே, பழைய பதிப்பின் துணையோடு இடாப்பை எழுத்துவடிவிற் பெயர்த்தெடுக்காமல் புதிய பதிப்பை நிறுவியவர்க்கும் சேவையகம் தொடங்காது.

செய்யத்தகாதது ஒன்றுண்டு. பொறுமையிழந்த சிலர் தரவுக் கோப்புகள் அனைத்தையும் அழித்துவிட்டு மீளத் தொடங்குவர். சிலாப்டியும் உடனே தொடங்கிவிடும். ஆனால் உள்ளே ஒரு பெயரேனும் இராது. கதவு திறந்துவிட்டதென்று மகிழ்பவர், வீடு வெறுமையாய்க் கிடப்பதைப் பின்னரே காண்பர். ஆகையால் எந்தச் சிகிச்சைக்கும் முன்னர், நின்றுபோன சேவையகத்தின் தரவுக் கோப்புகளை முழுமையாக வேறோர் இடத்திற் படியெடுத்து வையுங்கள். பதறாத காரியம் சிதறாது.

பெயரேடு ஒன்றை இழப்பதன் பொருளை முள்ளியவளை மக்களுக்கு எவரும் விளக்க வேண்டியதில்லை. 2008ஆம் ஆண்டின் இறுதியிலும் 2009இலும் வன்னியெங்கும் மக்கள் இடம்பெயர்ந்தபோது, பிறப்புச் சான்றிதழும் அடையாள அட்டையும் காணி உறுதியும் பலருக்கு வழியிலே தொலைந்தன. மீள்குடியேறிய பின், தாம் இன்னார் என்று நிறுவுதற்கே அவர்கள் அலைய வேண்டியிருந்தது. வேறொரு கச்சேரியில் அப்பதிவின் படி இருந்தவர்களுக்கு அவ்வலைச்சல் சிறிது குறைந்தது.

கணினி உலகிலும் இப்பாடத்தை நம் நாடு ஒருமுறை கற்றது. 2023 ஆகஸ்டில் அரசாங்கத்தின் முகிற் கணிமைச் சேவை கப்பங்கோரும் தீநிரலின் தாக்குதலுக்கு ஆளாயிற்று. ஏறத்தாழ 5,000 மின்னஞ்சல் முகவரிகளுக்குரியவர்கள் மே 17 முதல் ஆகஸ்ட் 26 வரையான தம் அஞ்சல்களை இழந்தனர். வலையமைப்போடு இணைந்திருந்த காப்புப் படியும் அத்தாக்குதலிற் சிக்கிக்கொண்டது; புறம்பாக வைக்கப்பட்ட படியோ அக்காலப் பகுதிக்கு இருக்கவில்லை.

எனவே, கணினிக்கூடங்களைப் பொறுப்பேற்றிருக்கும் ஆசிரியர்களும் நாளை பொறுப்பேற்கவிருக்கும் மாணவர்களும் ஒன்றை வழக்கமாக்கிக்கொள்ளல் வேண்டும். சிலாப்கட் என்னும் கருவி இடாப்பு முழுவதையும் சாதாரண எழுத்துக் கோப்பாக எழுதித் தரும். வாரம் ஒருமுறையேனும் அதனை எடுத்து, வலையமைப்போடு தொடர்பில்லாத வேறொரு தட்டிலே, இயலுமாயின் வேறொரு கட்டடத்திலே வையுங்கள். தவணைக்கொருமுறை அப்படியை வேறொரு கணினியில் ஏற்றி, பெயர்கள் யாவும் உள்ளனவா என்று எண்ணிப் பாருங்கள். எண்ணிப் பாராத படியை நம்பி இருத்தலாகாது.