சந்துக்கடையும் வர்ஜீனியா புட்டியும்

டிஸ்கி: இது குடியை ஆதரிக்கிற பதிவு இல்லை. எதிர்க்கிற பதிவான்னு கேட்டா அதுவும் முழுசா இல்லை. கடைசி வரைக்கும் படிச்சுட்டுத் திட்டுங்க :-)

போன மாசம் அமெரிக்காவிலிருந்து மச்சான் ஒரு போட்டோ அனுப்பினான். வர்ஜீனியா மாநிலத்தில் இருக்கிறான், பொட்டி தட்டுற வேலை. போட்டோவில் ஒரு குண்டு புட்டி, மூடி மேல குட்டியா ஒரு குதிரை, அதன் மேல ஒரு ஆள். "மாப்ள, பிளாண்டன்ஸ் கிடைச்சிடுச்சு! குலுக்கல்ல பேர் வந்துச்சு!"ன்னு ஒரே குதியாட்டம். ஏதோ கிரீன் கார்டு குலுக்கல்ல விழுந்த மாதிரி.

எனக்கு ஒண்ணும் புரியலை. சாராயம் வாங்கக் குலுக்கலா? போன் போட்டேன். அரை மணி நேரம் பாடம் எடுத்தான்.

விஷயம் இதுதான் மக்களே. பூர்பன்ங்கறது அமெரிக்க விஸ்கி. அரைத்த தானியத்தில் பாதிக்கு மேல (51 சதவீதமாவது) மக்காச்சோளம் இருக்கணும், உள்பக்கம் கருக்கின புது ஓக் பீப்பாயில் ஊறணும். நம்ம மொரப்பூர் பக்கம் மக்காச்சோளம் போட்டா கோழித் தீவனத்துக்குப் போகுது, அவங்க அதைப் பீப்பாயில் ஊத்திப் பூட்டி வைக்கிறாங்க. 10 வருஷம், 15 வருஷம், 23 வருஷம்னு ஊறினது கொஞ்சமாத்தான் வெளியே வரும். பாப்பி வான் விங்கிள்னு ஒண்ணு இருக்காம். கடை விலை சில நூறு டாலர், கை மாறும்போது பல ஆயிரம் டாலர். மச்சானுக்குக் கிடைச்ச பிளாண்டன்ஸ் அந்த அளவுக்கு இல்லை. கடையில் அறுபது எழுபது டாலர், வெளியே கிட்டத்தட்ட இரட்டிப்பு. மூடியில் இருக்கிற குதிரை எட்டு விதமா ஓடுமாம், ஒவ்வொண்ணுலயும் ஒரு எழுத்து, எட்டையும் சேர்த்தா பேர் வரும். அதைச் சேர்க்கிறதுக்குன்னே ஒரு கூட்டம். (சின்ன வயசுல பபிள்கம் ஸ்டிக்கர் சேர்த்தோமே, அதே வியாதிதான். வயசு மட்டும் நாப்பது.)

இதுல எனக்கு ஆச்சரியமான விஷயம் வேற. வர்ஜீனியாவில் சரக்குக் கடை நடத்துறது அரசாங்கம். அட, நம்ம டாஸ்மாக்! அமெரிக்காவில் 17 மாநிலங்களில் மது வியாபாரம் ஏதோ ஒரு விதத்தில் அரசாங்கத்தின் கையில்தான் இருக்காம். அரசு விலையில் வாங்கி வெளியே கூடுதல் விலைக்கு விக்கிற கூட்டமும் கூடவே இருக்கு. எந்தக் கடைக்கு எந்த அரிய புட்டி வரப்போகுதுங்கற உள் லிஸ்ட்டை எடுத்துக் காசுக்கு வித்ததா அங்கே ஒரு கேஸ். அந்தத் துறையின் முன்னாள் ஊழியர் ஒருத்தர் 2022ல கோர்ட்டில் குற்றத்தை ஒத்துக்கிட்டார். ஆரிகன் மாநிலத்தில் இன்னும் ஒரு படி மேல. மதுத்துறையின் பெரிய அதிகாரிகளே நல்ல புட்டிகளைத் தங்களுக்குன்னு ஒதுக்கி வெச்சு வாங்கினது உள் விசாரணையில் தெரிஞ்சு, 2023 பிப்ரவரியில் இயக்குனர் பதவி விலகினார். காசு கொடுத்துத்தான் வாங்கினோம்னு சொன்னாங்களாம். அது சரி, வரிசையில் நின்னவன் என்ன ஓசியிலயா கேட்டான்?

மச்சான் சொல்லச் சொல்ல எனக்குச் சிரிப்பு. "டேய், இதுக்குப் பேரு சந்துக்கடைடா"ன்னேன்.

வெளியூர்க்காரங்களுக்கு ஒரு விளக்கம். தர்மபுரி, சேலம், கிருஷ்ணகிரி பக்கம் சந்துக்கடைன்னா சந்துல இருக்கிற பெட்டிக்கடை இல்லை. டாஸ்மாக்ல வாங்கின புட்டியைப் பதுக்கி வெச்சு, கடை மூடியிருக்கிற நேரத்தில் கூடுதல் விலைக்கு விக்கிற இடம். வீட்டுத் திண்ணையா இருக்கலாம், மாட்டுக் கொட்டாயா இருக்கலாம், புளியமரத்தடியில் நிறுத்தின டிவிஎஸ் 50 வண்டியின் பையா இருக்கலாம். போர்டு கிடையாது. ஆனா ஊருக்குப் புதுசா வந்தவன்கூடப் பத்து நிமிஷத்துல கண்டுபிடிச்சிடுவான்.

2003 நவம்பரில் சில்லறை விற்பனையை டாஸ்மாக் கையில் எடுத்துச்சு. 2016 மே மாசம் நேரத்தை மாத்தி, மதியம் 12 மணிக்குத் திறந்து ராத்திரி 10க்கு மூடணும்னு ஆக்கினாங்க. நல்ல எண்ணம்தான். காலையில குடிக்க மாட்டான்னு நினைச்சாங்க. அந்த வருஷம் டிசம்பர்ல, நெடுஞ்சாலை ஓரம் கடை கூடாதுன்னு சுப்ரீம் கோர்ட்டும் சொல்லிச்சு. ரோட்டோரம் இருந்த கடைகள் ஊருக்கு வெளியே, காட்டு வழிக்குப் போச்சு. ராத்திரி 10லிருந்து மறுநாள் 12 வரைக்கும் 14 மணி நேரம், மிச்ச நேரத்திலயும் கடை தூரம். இந்த ரெண்டு இடைவெளியிலதான் சந்துக்கடை தழைச்சுது.

அமெரிக்காவில் பீப்பாய்ல ஊறின வருஷத்துக்கு விலை. நம்மூர்ல கடிகார முள்ளுக்கு விலை. நேத்து ராத்திரி 140 ரூபாய் இருந்த குவார்ட்டர், விடியக்காலை 5 மணிக்கு 200. அதே சரக்கு, அதே மூடி, ஒரு ராத்திரி ஊறினதுக்கு 60 ரூபாய். காந்தி ஜெயந்தி, திருவள்ளுவர் தினம், வள்ளலார் நினைவு நாள் வந்தா இன்னும் ஏறும். சந்துக்கடைக்காரங்களுக்கு தீபாவளி அக்டோபர் 2லதான்.

அதே ஊறல்ல 2021ல ஒரு கூத்து நடந்துச்சு, ஞாபகம் இருக்கா? கொரோனா ரெண்டாவது அலையில் மூடின கடைகளை ஜூன் 14 அன்னிக்கு 27 மாவட்டத்தில் திறந்தாங்க. 11 மாவட்டத்தில் திறக்கலை. தர்மபுரி திறந்த லிஸ்ட்ல, பக்கத்து சேலம் மூடின லிஸ்ட்ல. அவ்வளவுதான். சேலம் பக்கத்து வண்டிகள் ரெண்டு பக்கமும் வெள்ளைச் சாக்குப் பையோட எங்க ஊர் வழியா வரிசையா வந்ததை நான் மாடியிலிருந்து எண்ணினேன். ஒரு மணி நேரத்துக்கு மேல எண்ண முடியலை. மாவட்ட எல்லையைத் தாண்டினா விலை வேறங்கற பாடத்தை எந்தப் பொருளாதாரப் புத்தகமும் எனக்கு இவ்வளவு தெளிவாச் சொல்லலை.

ரயில் ஏறிப் போனா மூணு நாலு மணி நேரத்துல பெங்களூரு. அங்கிருந்து கர்நாடகா பாக்கெட் சரக்கு கூலி வேலைக்குப் போய்த் திரும்புறவங்க பையிலயும் வரும், போலீஸ் பிடிச்ச செய்தியும் வாராவாரம் வரும். அதே பெங்களூரில்தான் அம்ருத் கம்பெனி ஊற வெச்ச மால்ட் விஸ்கியை 2004ல ஸ்காட்லாந்து கிளாஸ்கோவிலேயே கொண்டு போய் அறிமுகம் செஞ்சுது. 2010ல ஜிம் முர்ரேங்கற விஸ்கி விமர்சகர் அவங்க ஃபியூஷனை உலகத்துலயே மூணாவது இடத்துல வெச்சார். அரிய புட்டி சேர்க்கிற கிறுக்கு நம்ம ஆளுங்களுக்கும் அதிலிருந்து பிடிச்சுக்கிச்சு. ஆனா அது ஏசி ரூம் கதை.

கிராமத்துல "அரிய புட்டி"ன்னா மிலிட்டரி ரம்தான். ரிட்டையர் ஆன பட்டாளத்துக்காரர் மாசக் கோட்டாவைக் கேண்டீன்ல வாங்கிட்டு வருவார். தான் ரெண்டு வெச்சுக்கிட்டு மிச்சத்தைச் சொந்தக்காரங்களுக்குத் தள்ளுவார். சட்டப்படி அதுவும் தப்புதான். ஆனா அதுல ஒருத்தர் குடும்பமும் தெருவுக்கு வந்ததா நான் பார்க்கலை. கல்யாணத்துக்கு மாமனார் வீட்டு ஆம்பளைங்களைச் சமாதானப்படுத்த ஒரு ஃபுல். போகட்டும்.

சந்துக்கடை அப்படி இல்லை. அதனாலதான் இந்தப் பதிவே.

எங்க வீட்டுக்குத் தென்னை ஏற ஒரு மாமா வருவார். பேர் வேண்டாம். விடியறதுக்கு முன்னாடி கை நடுங்கும். ஒரு கட்டிங் உள்ள போனாத்தான் நடுக்கம் நிக்கும், நின்னாத்தான் மரம் ஏற முடியும். "நடுங்கற கையோட ஏறினா விழுந்துடுவேன் தம்பி"ன்னு ரொம்ப சாதாரணமாச் சொல்லுவார். போதையோட ஏறினா விழ மாட்டீங்களான்னு கேட்டேன். சிரிச்சார். அவருக்கு மதியம் 12 மணிங்கறது வேலை முடியற நேரம். அப்புறம் எங்க டாஸ்மாக்? தினமும் சந்துக்கடைதான்.

ஒரு நாள் உக்காந்து கணக்குப் போட்டேன். ஒரு குவார்ட்டருக்கு 60 ரூபாய் கூடுதல். மாசம் 25 நாள். 1500 ரூபாய். சரக்கு விலையைச் சேர்க்கலை, வெறும் கூடுதல் மட்டும். 2023 செப்டம்பர் 15ல மகளிர் உரிமைத்தொகைன்னு ஆயிரம் ரூபாய் குடுக்க ஆரம்பிச்சாங்க இல்லையா, அத்தை பேர்லயும் பேங்க்ல விழுந்துச்சு. மெசேஜைக் காட்டி என்னைப் படிக்கச் சொன்னாங்க, அவ்வளவு சந்தோஷம். அந்த ஆயிரமும் போய், மேல ஐநூறும் சந்துக்கடைக்குப் போகுதுங்கறதை நான் அவங்ககிட்ட சொல்லலை. சொல்ல வாய் வரலை.

இப்ப நீங்க சந்துக்கடைக்காரன் மேல பல்லைக் கடிப்பீங்க. நானும் கடிச்சேன். போய்ப் பார்த்தா அங்க விக்கிறது ஒரு அக்கா. புருஷன் குடிச்சே செத்தவர். ரெண்டு பிள்ளைங்க. வருஷத்துல ஒரு தடவை ரெண்டு தடவை போலீஸ் வரும், இருக்கிற பத்துப் பதினஞ்சு புட்டியை எடுத்துக்கிட்டு கேஸ் போடும். பேப்பர்ல "மது விற்ற பெண் கைது"ன்னு நாலு வரி. ஜாமீன்ல வந்ததும் வக்கீல் பீஸ் கட்ட மறுபடியும் அதே வியாபாரம். கூடுதல் 60 ரூபாயும் அந்த அக்காவுக்கே போகுதுன்னு நினைச்சா நீங்க ரொம்ப நல்லவர். கொண்டு வந்து குடுக்கிறவனுக்கு ஒரு பங்கு, கண்டுக்காம இருக்கிறவங்களுக்கு ஒரு பங்கு, மிச்சம்தான் அவங்களுக்கு.

என் கேள்வி ரொம்பச் சின்னது. ஒரு அட்டைப் பொட்டிக்கு 48 குவார்ட்டர். ஒரு ஊர்ல சந்துக்கடை நாலு இருந்தா தினமும் எத்தனை பொட்டி? அந்தப் பொட்டி தானா நடந்து வராது. எவனோ ஒருத்தன் மொத்தமா வாங்குறான், எவரோ ஒருத்தர் மொத்தமாக் குடுக்கிறார். கென்டக்கியில் 2013ல பஃபலோ டிரேஸ் வடிசாலையிலிருந்து இருநூறுக்கு மேல பாப்பி புட்டி காணாமப் போச்சு. போலீஸ் கடைசியில யாரைப் பிடிச்சுது? வாங்கிக் குடிச்சவனை இல்லை, உள்ள வேலை பார்த்த ஆளை. அங்க புட்டி எங்கிருந்து கிளம்புச்சுன்னு தேடினாங்க. இங்க எங்க போய்ச் சேர்ந்துச்சுன்னு மட்டும் தேடுறாங்க.

தேடறது கஷ்டமும் இல்லை. காலி புட்டியைத் திருப்பிக் குடுத்தா 10 ரூபாய்னு ஒரு திட்டம், ஹைகோர்ட் சொல்லி 2022ல நீலகிரியில் ஆரம்பிச்சாங்க. காட்டு விலங்கு கால்ல கண்ணாடி குத்தக்கூடாதுன்னு புட்டிக்குப் புட்டி ஸ்டிக்கர் ஒட்டினாங்க. யானைக்காக ஒட்ட முடிஞ்ச ஸ்டிக்கரை அத்தைக்காக ஒட்ட முடியாதா? எந்தக் கடையில, எந்தத் தேதியில போன புட்டின்னு ஒரு நம்பர் போதும். சந்துக்கடையில் பிடிபட்ட பத்துப் புட்டியைத் திருப்பிப் பார்த்தா போதும், எந்த ஷட்டருக்குப் பின்னாடி போகணும்னு தெரிஞ்சிடும்.

"காலையிலயே கடையைத் திறந்துட்டா சந்துக்கடை தானா ஒழியும்"னு ஒரு கட்சி இருக்கு. எங்க சித்தப்பா அந்தக் கட்சி. 2023 ஜூலையில் மதுவிலக்குத் துறை அமைச்சர் முத்துசாமி காலையில குடிக்கிறவங்க பிரச்னையைப் பத்தியும், 90 மில்லி டெட்ரா பேக் பத்தியும் பேசினப்ப ஊரே கொதிச்சுது. நான் கொதிக்கலை. காலையில குடிக்கிற மனுஷன் ஒருத்தன் இருக்கான்னு ஒரு அமைச்சர் வாயிலிருந்து வந்ததே பெரிசுன்னு நினைச்சேன். ஆனா திறக்கணும்ங்கறதை என்னால ஒத்துக்க முடியலை. மாமாவுக்கு 60 ரூபாய் மிச்சமாகும், நிஜம். அவர் பையன், 19 வயசு, இன்னும் காலையில குடிக்கப் பழகலை. பழகிடுவான்.

"விலையை ஏத்தி, கெடுபிடி பண்ணினா கள்ளச்சாராயத்துக்குப் போயிடுவான்"னு சித்தப்பா அடுத்த பாயிண்ட் வெச்சார். இதை என்னால தட்ட முடியலை. 2024 ஜூன்ல கள்ளக்குறிச்சியில மெத்தனால் கலந்த சாராயம் குடிச்சு அறுபதுக்கும் மேல செத்தாங்க. அரூர் தாண்டி சித்தேரி மலை, அந்தப் பக்கம் கல்வராயன் மலை. நமக்கு ஒண்ணும் தூரம் இல்லை. 200 ரூபாய் இல்லாதவன் பாக்கெட் சாராயம்தான் தேடுவான். அதனாலதான் சொல்றேன், சந்துக்கடை அக்காவை மட்டும் அடிச்சா பத்தாது, மாமாவோட கை நடுக்கத்துக்கும் யாராவது வைத்தியம் பார்க்கணும். திடீர்னு நிறுத்தினா வலிப்புகூட வரலாம், டாக்டர் பார்வையில மாத்திரையோட நிறுத்தணும். 2024-25ல மட்டும் டாஸ்மாக் மூலமா அரசுக்கு 48 ஆயிரம் கோடி ரூபாய்க்கு மேல வந்துச்சு. அதுல ஒரு துளியில, தாலுக்கா ஆஸ்பத்திரிக்கு ஒரு டாக்டர், பத்து படுக்கை போட முடியாதா என்ன?

மச்சான்கிட்ட மறுபடி பேசினேன். அந்தப் பிளாண்டன்ஸை என்னடா பண்ணப் போறேன்னு கேட்டேன். ஒருத்தன் 150 டாலருக்குக் கேட்டானாம். லைசென்ஸ் இல்லாம விக்கிறது அங்கயும் தப்பு. கென்டக்கியில 2017ல ஒரு சட்டம் போட்டு, லைசென்ஸ் இருக்கிற கடைங்க தனியாள்கிட்ட பழைய புட்டியை வாங்கி விக்கலாம்னு வழி பண்ணியிருக்காங்களாம். வர்ஜீனியாவுல அதெல்லாம் கிடையாதாம். "விக்கலை மாப்ள, ஊருக்கு வரும்போது கொண்டு வரேன்"னான்.

கொண்டு வரட்டும். மூடியில இருக்கிற குதிரை மாமா பேத்திக்கு விளையாட ஆகும். அவர்கிட்ட புட்டியைப் பத்தி மட்டும் வாயைத் திறக்கக்கூடாது. நாளைக்கு மறுநாள் காய் பறிக்க வரேன்னு சொல்லியிருக்கார்.