குலத்தில் இல்லாத நோய்

தாய்க்கும் இல்லை, தந்தைக்கும் இல்லை, பாட்டன் பூட்டன் எவரும் மாரடைப்பால் மாண்டதாகச் செய்தியும் இல்லை. ஆகவே இந்தப் பிள்ளையின் ரத்தத்தில் கொழுப்பு மிகுந்திருப்பது பரம்பரைக் கோளாறாக இருக்க முடியாது என்று தீர்மானித்து, பழியை உணவின்மேல் சுமத்திவிட்டு அமைதி கொள்வோர் பலர். அந்தத் தீர்மானம் அபாயகரமானது.

பரம்பரைக் கொலஸ்ட்ரால் நோயின் ரகசியத்தை அமெரிக்காவின் டல்லாஸ் நகரில் ஆராய்ந்து கண்ட மைக்கேல் பிரவுன், ஜோசப் கோல்ட்ஸ்டைன் என்னும் இரு விஞ்ஞானிகளும் 1985-இல் நோபல் பரிசு பெற்றார்கள். ரத்தத்தில் வரும் எல்.டி.எல். கொழுப்பைப் பற்றி உள்ளே இழுத்து அகற்றும் ஏற்பிகள் கல்லீரலின் உயிரணுக்களில் இருக்கின்றன. 19-ஆவது குரோமோசோமில் அவற்றுக்கென உள்ள மரபணுவின் இரு பிரதிகளுள் ஒன்று பழுதுபட்டாலும், செவ்வனே வேலை செய்யும் ஏற்பிகள் ஏறக்குறையப் பாதியாகிவிட, பிறந்தது முதலே ரத்தத்தில் கொழுப்பு மிகுந்து நின்று, நடுவயதுக்குள்ளாகவே ஹிருதயத்தைத் தாக்கக்கூடும். சுமார் 250 பேரில் ஒருவருக்குப் பரம்பரைக் கொலஸ்ட்ரால் நோய் உண்டு.

இவர்களில் மிகப் பெரும்பாலோர் அதைப் பெற்றோரில் ஒருவரிடமிருந்தே பெறுகிறார்கள் என்பது உண்மையே. ஆயினும் பிறக்கும் ஒவ்வொரு குழந்தையும், பெற்றோர் இருவரிடத்தும் காணப்படாத 60, 70 புதிய மாற்றங்களைத் தன் மரபணுத் தொகுதியில் தாங்கியே வருகிறது. அவற்றுள் அநேகம் தீங்கற்றவை. அபூர்வமாக ஒன்று மேற்சொன்ன மரபணுவைச் சிதைத்துவிடுமானால், முன்னோர் எவருக்கும் இல்லாத வியாதி அக்குழந்தையிடம் புதிதாகத் தோன்றி, பின்னர் அதற்குப் பிறக்கும் மக்கள் ஒவ்வொருவருக்கும் சரிபாதி வாய்ப்புடன் தொடர்கிறது. இதில் தாயின் சமையலுக்கோ தந்தையின் நடத்தைக்கோ யாதொரு குற்றமும் இல்லை.

குடும்ப வரலாற்றை மட்டும் விசாரித்துவிட்டு நிற்கும் வைத்தியம் இத்தகைய குழந்தைகளைக் கண்டுகொள்வதேயில்லை. சுலோவேனியா நாட்டில் 1995 முதல், பரம்பரையை நிபந்தனையாக்காமல், 5 வயதுக் குழந்தைகள் அனைவருக்கும் கொலஸ்ட்ரால் பரிசோதனை செய்கிறார்கள். காலத்தே கண்டவர்களுக்கு, ஸ்டாட்டின் முதலிய மருந்துகளால் அபாயத்தைப் பெரிதும் தணிக்க முடியும். ஆதலின் நம் பள்ளி மருத்துவப் பரிசோதனைகளிலும் இந்த எளிய ரத்தச் சோதனையை அரசு சேர்க்க வேண்டும். ஒரு குழந்தையிடம் நோய் தெரிந்தால் அதன் பெற்றோரையும் உடன்பிறந்தோரையும் சோதிக்கத் தவறலாகாது. முன்னோரிடம் நோய் இல்லை என்பதைக் காரணம் காட்டி எந்தக் குழந்தையின் பரிசோதனையையும் தள்ளிப்போடாதீர்கள்.