ஸ்டெப்னிக்கும் சேர்த்து அஞ்சு டயர் வாங்குங்க!

"நாலு போதும்ணே. ஸ்டெப்னிக்கு எதுக்குப் புது டயர்? அது சும்மா தொங்கிக்கிட்டு கெடக்குறதுதானே?"

காரியாபட்டிப் பக்கம் டயர் மாத்தப் போன எவரும் இந்தப் பேச்சைக் கேட்காமல் திரும்பியிருக்க மாட்டார். கடைக்காரர் சொல்லாவிட்டால் கூட வந்த மச்சான் சொல்வார். மச்சானும் வாயைத் திறக்காவிட்டால் நம்ம சட்டைப் பையே சொல்லும். மாசி மாசம் என் குட்டியானைக்கு டயர் மாத்தினபோது மூணும் சேர்ந்தே சொன்னது. நானும் தலையாட்டினேன். மிச்சம் பிடித்தது ஏறக்குறைய 4,000 ரூபாய். அந்த 4,000 என்ன செய்தது என்று சொல்லத்தான் இந்தப் பதிவு.

வைகாசி, முகூர்த்த நாள். இங்கே மானாவாரிக் கரிசலில் கம்பும் மக்காச்சோளமும் போடுகிற நாங்கள், கிணறு இருக்கிற இடத்தில் கொஞ்சம் மல்லிகை வைத்திருப்போம். விடியும் முன்னே மொட்டாகப் பறித்து, மதுரை மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் இறக்கிவிட வேண்டும். மலர்ந்துவிட்டால் மல்லிகைக்கு மரியாதை இல்லை. அன்றைக்கு என் மூட்டையோடு பக்கத்துத் தோட்டத்துக்காரர்கள் நாலு பேருடைய மூட்டையும் என் வண்டியில்தான்.

நாலுவழிச் சாலையில் ஏறின கொஞ்ச நேரத்தில் பின் சக்கரத்தில் இரும்புத் துண்டு ஏறிவிட்டது. புது டயர்தான். இரும்புக்குப் புதுசு பழசு தெரியுமா? இறங்கி, ஜாக்கி போட்டு, ஸ்டெப்னியை மாட்டினேன். பட்டன் நன்றாகத்தான் இருந்தது, காத்தும் இருந்தது. "பாத்தீங்களா, நான் சொன்னேன்ல" என்று மச்சான் சிரித்தார். எலியார்பத்தி டோல்கேட்டுக்கு இந்தப் பக்கமே அது வெடித்தது. பட்டன் பக்கம் இல்லை, பக்கச்சுவர் கிழிந்து வாயைப் பிளந்துவிட்டது. வண்டி ஒரு இழுப்பு இழுத்து ஓரத்தில் நின்றது. பின்னால் லாரி எதுவும் ஒட்டி வராததால் இன்றைக்கு உட்கார்ந்து எழுதிக்கொண்டிருக்கிறேன்.

வேறு வண்டி பிடித்து மார்க்கெட் போய்ச் சேரும்போது முகூர்த்த விலை போய்விட்டது. பாதிப் பூ மலர்ந்து, சென்ட் கம்பெனிக்குத் தள்ளுகிற விலைக்குத்தான் போனது. என் பூ போனால் என் தலையெழுத்து. மத்த நாலு வீட்டுப் பூவுக்கு நான் என்ன பதில் சொல்வது?

அப்புறம்தான் டயரின் பக்கத்தில் இருந்த எண்ணைப் பார்த்தேன்: 1413. இதை நகரத்து நண்பர்கள் அவசியம் தெரிந்துகொள்ளுங்கள். முதல் இரண்டு எண் வாரம், அடுத்த இரண்டு வருசம். 2013-ஆம் வருசம் பதினாலாவது வாரத்தில் செய்த டயர். ஓடாமலே கிழவனாகிவிட்டது. ரப்பருக்கு வயசாவது ஓட்டத்தால் மட்டும் இல்லை. வெயில், சூடு, காற்று எல்லாம் சேர்ந்து அதை இறுகவும் வெடிக்கவும் வைக்கும். தொட்டிக்கு அடியில் தொங்கும் ஸ்டெப்னி சேற்றையும் தார்ச்சாலைச் சூட்டையும் தினமும் வாங்குகிறது. அஞ்சு வருசம் ஆனபின் வருசத்துக்கு ஒரு தடவை சோதிக்கணும், பத்து வருசம் ஆனால் பட்டன் இருந்தாலும் கழற்றிவிடணும், ஸ்டெப்னிக்கும் இதே கணக்குதான் என்று டயர் கம்பெனிகளே சொல்கின்றன.

"கழட்டின நாலுல நல்லதா ஒண்ண ஸ்டெப்னியா போட்டுக்கலாமே" என்பார்கள். போடலாம், மறுக்கவில்லை. வயசு அஞ்சுக்குள் இருந்து, பட்டனும் தாராளமாக இருந்தால் போடுங்கள். சட்டப்படி நாலு சக்கர வண்டிக்குப் பட்டன் ஆழம் 1.6 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது. ஆனால் ஒரு கேள்வி: அவ்வளவு நல்ல டயராக இருந்தால் அதை ஏன் கழற்றினீர்கள்?

"எப்பவோ ஒரு தடவை மாட்டுறதுக்கு எதுக்குச் செலவு" என்பது அடுத்த வாதம். இதுதான் பெரிய பொய்க்கணக்கு. அஞ்சையும் ஒன்றாக வாங்கி, பத்தாயிரம் கிலோமீட்டருக்கு ஒரு தடவை ஸ்டெப்னியையும் சேர்த்து இடம் மாற்றிப் போட்டால், தேய்மானம் அஞ்சுக்கும் பங்காகும். நாலு டயர் 40,000 கிலோமீட்டர் வரும் என்றால் அஞ்சு டயர் 50,000 வரும். போட்ட காசு எங்கேயும் போகவில்லை, அடுத்த செட் வாங்குவதைத் தள்ளி வைக்கிறது.

"இப்பதான் பஞ்சர் கிட் வந்துருச்சே" என்று கார்க்காரர்கள் சொல்வீர்கள். டியூப்லெஸ் டயர், காற்றளவு காட்டும் கருவி, பஞ்சர் கிட் மூணும் இருக்கிற கார்களுக்கு ஸ்டெப்னி கட்டாயமில்லை என்று 2020-ல் மத்திய அரசு விதியை மாற்றியது உண்மைதான். ஆனால் கிட் அடைப்பது பட்டன் பக்கத்து ஓட்டையை மட்டும்தான். பக்கச்சுவர் கிழிந்தால் அது உதவாது. அருப்புக்கோட்டை, திருச்சுழி, நரிக்குடி ரோடுகளில் இரண்டு பக்கமும் சீமைக்கருவேலம்தான். வெட்டிப்போட்ட கிளை ரோட்டில் கிடக்கும். ராத்திரி பஞ்சர் கடையைத் தேடி எங்கே போவீர்கள்?

ஸ்டெப்னி என்ற பேரே வேல்ஸ் நாட்டு லனெல்லி ஊரில் இருக்கும் ஸ்டெப்னி தெருவிலிருந்து வந்தது. மாற்றுச் சக்கரம் இல்லாமல் கார்கள் வந்துகொண்டிருந்த 1900-களின் தொடக்கத்தில், டேவிஸ் சகோதரர்கள் அங்கிருந்துதான் அதைச் செய்து விற்றார்கள். நடுவழியில் நிற்கிறவனைக் காப்பாற்ற வந்த பொருளை நாம் "சும்மா கெடக்குறது" ஆக்கிவிட்டோம்.

கார் வைத்திருப்பவர்கள் இன்றைக்கே டிக்கியைத் திறந்து அந்த நாலு எண்ணைப் பாருங்கள். காத்தும் பிடித்து வையுங்கள்.

என் வண்டியில் இப்போது அஞ்சும் ஒரே வருசத்து டயர். கழற்றிப் போட்ட பழசுகளை ஒருத்தர் விலைக்குக் கேட்டார். எதுக்குண்ணே என்றேன்.

"சும்மா, ஸ்டெப்னிக்குத்தான்."

கொடுக்கவில்லை.