ஞாயிற்றுக்கிழமை கையில வந்திருக்கு அப்பாக்களே, விட்றாதீங்க!



இது திருவிழா அறிவிப்பு இல்லை, உபய விவரமும் இல்லை. ஆலயத் தொண்டர்களான எங்களுக்குள்ளே கொஞ்ச நாளாக ஓடிக்கொண்டிருக்கும் ஒரு பேச்சு. பதிவு கொஞ்சம் நீளம்தான். பசியாறிட்டு நிதானமா படிங்க. சின்னப் பிள்ளைங்க இருக்கிற அப்பாக்கள் கட்டாயம் படிங்க.

விஷயம் இதுதான். நம்ம ஜோகூரில் 2014 தொடங்கி 2024 முடிய வெள்ளி, சனிதான் வார விடுமுறை. 2025 ஜனவரி 1 முதல் அது சனி, ஞாயிறு என்று மாறியது. பலருக்கு இது வெறும் நாள்காட்டி மாற்றம். ஆனால் பாலம் தாண்டி சிங்கப்பூரில் வேலை செய்யும் அப்பாக்களின் வீட்டில் இது பெரிய மாற்றம். அதுவரைக்கும் அப்பாவுக்கு ஞாயிறு லீவு, பிள்ளைக்கு ஞாயிறு ஸ்கூல். பிள்ளைக்கு வெள்ளி லீவு, அப்பா வேலையில். வாரத்தில் 6 நாள் வேலை செய்கிற அப்பாவாக இருந்தால், இரண்டு பேரும் ஒன்றாக வீட்டில் இருக்க ஒரு முழு நாள்கூடக் கிடையாது. ஒரே வீடு, ஒரே கூரை, ஆனால் பிள்ளை தூங்கும்போது மட்டும் பார்க்கிற அப்பா!

இப்போது அந்த ஞாயிறு கைக்கு வந்திருக்கிறது. அதை என்ன செய்கிறோம் என்பதுதான் எங்கள் கேள்வி.

ஞாயிற்றுக்கிழமை காலையில் ஆலயத்தில் நாங்கள் பார்ப்பதைச் சொல்கிறோம். அம்மா ஒரு கையில் குழந்தை, ஒரு கையில் அர்ச்சனைத் தட்டு, தோளில் பால் புட்டிப் பை. பின்னாடியே இன்னொரு பிள்ளை சேலை முந்தானையைப் பிடித்துக்கொண்டு வரும். அப்பா? கார் நிறுத்தும் இடத்தில் கைத்தொலைபேசியோடு நிற்பார். தீபாராதனை மணி அடித்ததும் உள்ளே வருவார், விபூதி பூசிக்கொள்வார், வெளியே போவார். தேவார வகுப்புக்குப் பிள்ளையை விடுவதும் அம்மா, கூட்டிப்போவதும் அம்மா. எல்லாரும் இப்படி என்று சொல்லவில்லை. குழந்தையைத் தோளில் தூக்கிக்கொண்டு நவக்கிரகம் சுற்றும் அப்பாக்களும் நம்ம ஆலயத்தில் இருக்கிறார்கள். அவர்களைப் பார்த்தாலே எங்களுக்கு மனசு நிறைஞ்சிடும். ஆனால் அவர்கள் எண்ணிக்கை குறைவு. அதை மறைத்துப் பேச முடியாது.

யாரையும் குறை சொல்ல இதை எழுதவில்லை. விடிகாலை நாலரை மணிக்கு மோட்டாரை எடுத்தால்தான் பாலத்து ஜாமில் மாட்டாமல் போக முடியும். வீடு திரும்ப இரவு எட்டு, ஒன்பது ஆகிவிடும். மழையில் நனைந்து, புகையைக் குடித்து, எதற்காக இந்தப் பாடு? ஒரு சிங்கப்பூர் வெள்ளிக்கு மூன்று ரிங்கிட்டுக்கு மேல் கிடைக்கிறது என்பதற்காக. அந்த ரிங்கிட் யாருக்கு? பிள்ளைக்குத்தான். அந்த அன்பை நாங்கள் சந்தேகப்படவே இல்லை. ஆனால் மூன்று வயதுப் பிள்ளைக்கு நாணய மாற்று விகிதம் தெரியாது. அதற்குத் தெரிந்தது ஒன்றே ஒன்று: அப்பா இருக்கிறாரா, இல்லையா.

சட்டமும் இவர்களுக்குப் பெரிசா கைகொடுக்கவில்லை. மலேசியாவில் தனியார் துறை அப்பாக்களுக்கு 2023 ஜனவரி 1 முதல் 7 நாள் தந்தையர் விடுப்பு சட்டப்படி உண்டு. அதே முதலாளியிடம் 12 மாதம் வேலை செய்திருக்க வேண்டும், பிரசவத் தேதிக்கு 30 நாள் முன்னாடியே சொல்லிவிட வேண்டும். இங்கே வேலை செய்கிற இளம் அப்பாக்கள் இதைத் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள், கேட்டு வாங்குங்கள். சிங்கப்பூரில் 2025 ஏப்ரல் 1 முதல் 4 வாரம் ஆக்கியிருக்கிறார்கள். ஆனால் அந்த அரசாங்கச் சம்பள விடுப்பு, சிங்கப்பூர்க் குடியுரிமை உள்ள குழந்தையின் அப்பாவுக்குத்தான். ஆக, பாலம் தாண்டிப் போகும் நம்ம ஆளுக்கு இங்கேயும் இல்லை, அங்கேயும் இல்லை. கம்பெனியாக மனம் இரங்கிக் கொடுத்தால் உண்டு. குழந்தை பிறந்த முதல் வாரத்திலேயே விலகி நிற்கப் பழகிவிட்டால், பிறகு நெருங்குவதற்குத் தனியாக முயற்சி எடுக்க வேண்டியிருக்கிறது. அதற்குத்தான் ஞாயிறு வேண்டும் என்கிறோம்.

"அப்பான்னா கொஞ்சம் பயம் இருக்கணும், ரொம்ப இடம் கொடுத்தா தலையில ஏறிடும்" என்று பெரியவர்கள் சொல்வார்கள். நாம் கும்பிடும் சாமியையே பார்ப்போமே. சுவாமிமலையில் என்ன நடந்தது? பிள்ளை சொல்ல, அப்பா சிவபெருமான் பணிந்து காது கொடுத்துக் கேட்டார். அந்தப் பிள்ளைக்குத்தான் சுவாமிநாதன் என்று பேர். பிள்ளை பேசும்போது அப்பா குனிந்து கேட்பது மரியாதைக் குறைவு என்றால், அந்தச் சன்னதியே இருந்திருக்காது.

ஞானசம்பந்தர் கதையும் நமக்குத் தெரியும். அம்பாள் ஞானப்பால் கொடுத்ததை எல்லாரும் சொல்வோம். அதற்கு முன்னாடி நடந்ததை விட்டுவிடுவோம். குளிக்கப் புறப்பட்ட அப்பாவிடம் "நானும் வர்றேன்" என்று மூன்று வயதுப் பிள்ளை அழுதது. அப்பா சிவபாத இருதயர் விட்டுவிட்டுப் போகவில்லை, சீர்காழிக் குளத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார். பிறகு பால் வடிந்த வாயைப் பார்த்து, யார் கொடுத்தது என்று கோலை ஓங்கியதும் அவர்தான். உண்மை தெரிந்த பிறகு, அதே பிள்ளையைத் தோளில் உட்கார வைத்துத் தலம் தலமாகச் சுமந்து போனதும் அவர்தான். முத்துச் சிவிகை கிடைப்பதற்கு முன் சம்பந்தருக்கு வாகனம் அப்பாவின் தோள். சேக்கிழார் இதையெல்லாம் பாடி வைத்திருக்கிறார். கோலைவிட தோள்தான் நம்ம மரபில் பெரிசு என்பது எங்கள் துணிபு.

சரி, என்னதான் செய்வது? "பிள்ளையோட விளையாடணும்னா எங்கேயாவது தீம் பார்க் கூட்டிப் போகணும், நூறு இருநூறு ரிங்கிட் ஆகும்" என்று சில அப்பாக்கள் எங்களிடம் சொல்லியிருக்கிறார்கள். தேவையே இல்லை. ஐந்து காசு செலவில்லாமல் செய்யக்கூடியவை நிறைய:

• தென்னங்கீற்று ஒன்று எடுங்க. ஊதல், கைக்கடிகாரம், கிலுகிலுப்பை செய்து காட்டுங்க. உங்களுக்கு மறந்து போயிருந்தால் தாத்தாவைக் கேளுங்க. மூன்று தலைமுறையும் ஒரே திண்ணையில் உட்கார்ந்துவிடும்.

• பட்டம். பாசிர் கூடாங் பக்கம் இருப்பவர்களுக்குச் சொல்லவே வேண்டாம், பட்டத் திருவிழாவுக்குப் பேர்போன ஊர். வீட்டிலேயே காகிதம், மூங்கில் குச்சி, சோற்றுப் பசை போதும். பறக்காவிட்டாலும் பரவாயில்லை, ஒட்டுகிற நேரம்தான் விளையாட்டு.

• பல்லாங்குழி. மலாய் நண்பர்கள் வீட்டில் இருக்கும் சொங்காக் நம்ம பல்லாங்குழிக்குச் சொந்தக்காரன் மாதிரி. முட்டை அட்டையும் புளியங்கொட்டையும் இருந்தால் ஆட்டம் ரெடி. எண்ணத் தெரியாத பிள்ளைக்கு எண்ணும் வந்துவிடும். கொட்டையை வாயில் போடுகிற வயதுக் குழந்தை பக்கத்தில் இருந்தால் மட்டும் கவனம்.

• ஞாயிற்றுக்கிழமை காலைப் பசியாறலுக்குத் தோசையைப் பிள்ளையோடு சேர்ந்து சுடுங்க. வட்டம் வராவிட்டால் என்ன, யானை வரும், மீன் வரும். அடுப்புப் பக்கம் நீங்கள், மாவு கலக்குவது அவர்கள்.

• எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டுவதை அப்பா வேலையாக எடுத்துக்கொள்ளுங்க. டயப்பர் மாற்றுவதும் அதில் சேரும். நடுவிலே ஒரு கதை சொல்லுங்க, கண்ணில் சோப்பு பட்டதுகூடத் தெரியாது.

உலகச் சுகாதார நிறுவனம் 2019-இல் சொன்னது: 1 முதல் 4 வயது வரை ஒரு பிள்ளை நாளுக்குக் குறைந்தது 180 நிமிடம் உடலை அசைத்து ஆட வேண்டும். 2 வயதுக்கு மேல் திரை பார்ப்பது ஒரு மணி நேரத்தைத் தாண்டக் கூடாது. மூன்று மணி நேர ஓட்டத்தை அம்மா ஒருவரே ஈடுகொடுக்க முடியுமா? நீங்களே சொல்லுங்க.

வேலை நாளில் என்ன செய்வது? அதற்கும் வழி உண்டு. விடிகாலை கிளம்பும்போது ஒரு தாளில் பூனையோ லாரியோ வரைந்து மேசையில் வைத்துவிட்டுப் போங்க. எழுந்ததும் "அப்பா என்ன வரைஞ்சிருக்காரு" என்று தேடும். மதிய உணவு நேரத்தில் ஒரு நிமிடக் குரல் பதிவு அனுப்புங்க. இரவு வந்ததும் தூங்காமல் இருந்தால், கைத்தொலைபேசியை ஹெல்மெட்டுக்குள் போட்டுவிட்டுப் பத்து நிமிடம் பக்கத்தில் படுங்க. அந்தப் பத்து நிமிடம் உங்களுக்கும் மருந்துதான்.

அம்மாக்களுக்கும் பாட்டிகளுக்கும் ஒரு வேண்டுகோள். அப்பா சட்டையைத் திருப்பிப் போட்டுவிட்டால், ஜடை கோணலாகப் போனால், "உங்களுக்கு ஒண்ணும் தெரியாது, இங்க கொடுங்க" என்று பிடுங்கிவிடாதீங்க. செய்யச் செய்யத்தான் கை பழகும். அதே மாதிரி அப்பாக்களும் "வீட்டுக்காரிக்கு ஹெல்ப் பண்றேன்" என்று சொல்வதை விடுங்க. சொந்தப் பிள்ளையைப் பார்ப்பது உதவி ஆகாது, உரிமை.

அப்பா இல்லாத பிள்ளைகளும், அப்பா தூரத்தில் இருக்கிற பிள்ளைகளும் நம்மிடையே உண்டு. அவர்களை மறந்துவிட்டு இந்தப் பேச்சு பேச முடியாது. நம்ம வழக்கத்தில் காது குத்தும்போது பிள்ளை யார் மடியில் உட்காரும்? தாய்மாமன் மடியில். அந்த மடி ஒரு நாள் சடங்கோடு முடிந்துவிடக் கூடாது. மாமா, சித்தப்பா, தாத்தா யாராக இருந்தாலும் ஞாயிற்றுக்கிழமை பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு வாங்க.

ஆலயமும் தன் பங்கைச் செய்ய வேண்டும் என்பது எங்கள் கருத்து. ஆண்கள் கழிவறையில் டயப்பர் மாற்ற ஒரு பலகை இல்லை. அப்பா எங்கே போய் மாற்றுவார்? அதை வைத்துத் தரும்படி நிர்வாகத்திடம் கேட்டிருக்கிறோம். இரண்டாவது, ஞாயிறு காலைப் பூஜைக்குப் பிறகு அப்பாக்களும் பிள்ளைகளும் சேர்ந்து செய்ய சில வேலைகளை ஒதுக்கி வைக்கிறோம்: மாவிலைத் தோரணம் கட்டுவது, பூவைக் காம்பிலிருந்து கிள்ளித் தட்டில் நிரப்புவது, வாழையிலை துடைப்பது, செருப்புகளை வரிசையாக அடுக்குவது, அன்னதானத்தில் தண்ணீர்க் குவளை கொடுப்பது. நாலு வயதுப் பிள்ளை துடைத்த இலையில் கொஞ்சம் ஈரம் இருந்தால் சாப்பிடுகிறவர்கள் பொறுத்துக்கொள்ள மாட்டார்களா என்ன?

"பிள்ளைங்க வந்தா சத்தம், ஆலயத்தின் அமைதி கெடும்" என்று சிலர் நினைக்கலாம். தீபாராதனை நேரத்தில் அமைதி வேண்டும், ஒத்துக்கொள்கிறோம். அதனால்தான் வேலைகளைப் பூஜைக்குப் பிறகு வைத்திருக்கிறோம். ஆனால் சிரிப்புச் சத்தமே கேட்காத ஆலயத்துக்கு இருபது வருடம் கழித்து யார் வருவார்கள்? பிள்ளைகள் அன்னதானக் கூடத்திலேயே சலித்துப் போனால், வளர்ந்த பிறகு உள்ளே வரச் சொல்லி நாம் கெஞ்சிக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

பதிவு செய்ய வேண்டாம், கட்டணம் இல்லை. பூஜை முடிந்ததும் அப்பாவும் பிள்ளையும் நேராகப் பின்பக்க மண்டபத்துக்கு வாங்க. பழைய துணி உடுத்தி வந்தால் நல்லது, மஞ்சள் கறை போகாது. உங்க வீட்டு அப்பா இந்தப் பதிவைப் படிக்கவில்லை என்றால் அவருக்கு அனுப்பி வையுங்க. பிள்ளையோடு நீங்கள் ஆடுகிற விளையாட்டு ஏதாவது இருந்தால் கீழே எழுதுங்க, மற்ற அப்பாக்களுக்கு உதவும்.

ஓம் சரவணபவ.

உங்கள் ஆலயத் தொண்டர்கள்