அரிய கார் வேண்டாம், அதிகம் விற்ற கார் வாங்கு

இது கொஞ்சம் நீளமான பதிவு. வேலை இருப்பவர்கள் ராத்திரி சாப்பிட்ட பிறகு நிதானமாகப் படியுங்கள்.

நம் பள்ளிக் குழுவில் போன வாரம் ஒரு கேள்வி வந்தது. 1989-இல் பத்தாம் வகுப்பு முடித்து, இப்போது பர்மிங்காமில் இருக்கும் நம் மாணவர் கேட்டிருந்தார். "சார், பிள்ளைகள் படிப்பு முடிந்தது, வீட்டுக் கடனும் முடிந்தது. பழைய ஸ்போர்ட்ஸ் கார் வாங்குவதற்கென்று பத்து வருஷமாகக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்த பணம் இருக்கிறது. ஓட்டவும் வேண்டும், பின்னால் மதிப்பும் ஏற வேண்டும். எதை வாங்கலாம்?" பாதிப் பேர் ஜாகுவார் ஈ-டைப் படத்தைப் போட்டார்கள். மீதிப் பேர் "இந்த வயசில் இது தேவையா" என்று கேட்டார்கள். இரண்டு தரப்புக்கும் சேர்த்துத்தான் இந்தப் பதில்.

தம்பி, நீ கேட்டது ஒரு கேள்வி இல்லை, இரண்டு. ஓட்டுவதற்கு ஒரு கார், மதிப்பு ஏறுவதற்கு ஒரு கார். இரண்டும் எதிர் எதிர்த் திசையில் இழுக்கும். சேகரிப்பவருக்கு அரிதான வண்டி வேண்டும், குறைவாக ஓடியிருக்க வேண்டும், ஒரு நட்டுகூட மாறியிருக்கக் கூடாது. ஓட்டுபவருக்கோ ஸ்பேர் பார்ட்ஸ் கிடைக்க வேண்டும், கை வைக்கத் தெரிந்த மெக்கானிக் பக்கத்தில் இருக்க வேண்டும், மழையில் நனைந்தால் வயிறு கலங்கக் கூடாது. ஒரே வண்டியில் இரண்டையும் தேடுகிறவர்கள் கடைசியில் வண்டியைப் போர்வை போட்டு மூடிவைத்து, ஞாயிற்றுக்கிழமை திறந்து பார்த்துவிட்டு மறுபடி மூடுவார்கள்.

2022 மே மாதம் 1955-ஆம் ஆண்டு மெர்சிடிஸ் 300 எஸ்.எல்.ஆர். ஊலன்ஹாட் கூபே கார் ஒன்று 13.5 கோடி யூரோவுக்கு விற்றது. இந்தச் செய்தியைப் படித்த பிறகுதான் பலருக்குப் பழைய கார் என்றாலே புதையல் என்ற எண்ணம் வந்தது. அந்த வகையில் செய்யப்பட்டவை மொத்தமே இரண்டு. நாம் வாங்கக்கூடிய கார்கள் லட்சக் கணக்கில் செய்யப்பட்டவை. இங்கிலாந்தில் சொந்தக் காரை லாபத்துக்கு விற்றால் மூலதன ஆதாய வரி இல்லை என்பது உண்மைதான். அந்த லாபம் வருவதற்குள் கொட்டகை வாடகை, இன்ஷூரன்ஸ், டிங்கரிங், பெயிண்ட் என்று எவ்வளவு போகும் என்பதையும் ஒரு தாளில் எழுதிக் கூட்டிப் பார். மதிப்பு ஏறினால் சந்தோஷம். அதை நம்பி வாங்காதே.

அதனால் என் கட்சி இதுதான்: ஓட்டுவதற்கே வாங்கு. ஓட்டுவதென்று முடிவான பிறகு, அரிதான வண்டியைத் தேடாதே. அந்தக் காலத்தில் அதிகம் விற்றது எதுவோ அதைப் பார்.

ஈ-டைப் அழகில் யாருக்கும் சந்தேகம் இல்லை. 1961-இல் ஜெனீவாவில் அதைக் காட்டியபோது உலகமே திரும்பிப் பார்த்தது. ஆனால் ஆறு சிலிண்டர் எஞ்சின், பின்பக்கத்தில் டிஃபரன்ஷியலை ஒட்டி உள்ளே தள்ளிவைத்த பிரேக் என்று அதில் ஒவ்வொரு வேலையும் பெரிய வேலை. வாங்கும் பணத்தோடு கதை முடியாது. உன் சேமிப்பு மொத்தமும் அதன் விலைக்கே போனால், பிறகு பராமரிக்க எதை எடுப்பாய்? அந்தக் காரை நான் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டேன்.

மீதி மூன்று.

முதலாவது ட்ரையம்ஃப் ஸ்பிட்ஃபயர். 1962 முதல் 1980 வரை வந்தது, மூன்று லட்சத்துக்கு மேல் செய்தார்கள். நம் ஊர்க்காரர்களுக்கு இது தூரத்து உறவு. ட்ரையம்ஃப் ஹெரால்டின் சேஸிஸைக் குட்டையாக்கி, இத்தாலியின் மிக்கலாட்டி வரைந்த உடம்பை அதன் மேல் வைத்ததுதான் ஸ்பிட்ஃபயர். அதே ஹெரால்டுதான் நம் சென்னையில் ஸ்டாண்டர்டு ஹெரால்டாக 1961 முதல் உருவானது. நடுத்தர வயதைத் தாண்டியவர்களுக்கு அதன் பானட் ஞாபகம் இருக்கும், மூக்கோடு சேர்த்து முழுசாக முன்பக்கம் சாயும். ஸ்பிட்ஃபயருக்கும் அதே அமைப்பு. டயர் மேலேயே உட்கார்ந்துகொண்டு எஞ்சின் வேலை பார்க்கலாம். கற்றுக்கொள்ள இதைவிட நல்ல வண்டி இல்லை.

அதன் குறை பின்சக்கரத்தில் இருக்கிறது. பழைய மாடல்களில் பின் ஆக்ஸில் நடுவிலிருந்து ஊஞ்சல் போல் மேலும் கீழும் ஆடும். வளைவில் வேகமாகப் போகும்போது பயந்து சட்டென்று ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால், பின்பக்கம் மேலே எழும்பும், சக்கரம் உள்பக்கமாக மடங்கும், பிடிமானம் போய்விடும். 1970-இல் வந்த நான்காம் மார்க்கில் ஸ்பிரிங் அமைப்பை மாற்றி இதைப் பெரிதும் சரிசெய்தார்கள். வாங்கினால் அதற்குப் பிந்தையதாகப் பார். முன்சக்கரத்துக்கு அடியில் ட்ரன்னியன் என்று ஒரு பித்தளைப் பாகம் உண்டு. அதற்கு கியர் ஆயில் விட வேண்டும், கிரீஸ் அடித்தால் போதாது. கவனிக்காமல் விட்டால் சக்கரமே மடங்கிவிடும். விற்பவரிடம் "ட்ரன்னியனுக்கு என்ன விடுகிறீர்கள்?" என்று கேள். பதிலிலேயே அவர் வண்டியை எப்படி வைத்திருந்தார் என்று தெரிந்துவிடும்.

இரண்டாவது எம்.ஜி.பி. இதுவும் 1962 முதல் 1980 வரை. திறந்த வண்டி, கூரை போட்ட ஜி.டி. இரண்டும் சேர்த்து ஐந்து லட்சத்துக்கு மேல். இதுவும் நமக்கு அந்நியமில்லை. அதன் 1798 சி.சி. எஞ்சின் பி.எம்.சி. நிறுவனத்தின் பி-சீரிஸ் குடும்பம். நம் அம்பாசிடரில் பல ஆண்டுகள் ஓடிய 1489 சி.சி. எஞ்சினும் அதே குடும்பம்தான், தம்பி முறை. அம்பாசிடர் எஞ்சினைப் பிரித்துப் பூட்டத் தெரிந்த நம் ஊர் மெக்கானிக், எம்.ஜி.பி. பானட்டைத் திறந்தால் திகைக்க மாட்டார்.

எம்.ஜி.பி.யின் பெரிய பலம் பார்ட்ஸ். வைப்பர் முதல் பிஸ்டன் வரை இன்றும் புதிதாகக் கிடைக்கிறது. 1988 முதல் பிரிட்டிஷ் மோட்டார் ஹெரிடேஜ் நிறுவனம் முழு பாடியையே புதிதாகச் செய்து விற்றது. அதிகம் விற்ற வண்டிக்குத்தான் இந்த வசதி வரும். ஐம்பது பேர் வைத்திருக்கும் காருக்கு யார் அச்சு போட்டு பானட் அடிப்பார்கள்?

1967 கடைசியில் வந்த இரண்டாம் மார்க்குக்குப் பிந்தைய வண்டி நல்லது. ஆல்டர்னேட்டர் உண்டு, முதல் கியருக்கும் சின்க்ரோமெஷ் உண்டு. ஓவர்டிரைவ் இருக்கிறதா என்று கண்டிப்பாகப் பார். நெடுஞ்சாலையில் அது இல்லாவிட்டால் எஞ்சின் கத்திக்கொண்டே வரும். 1974 கடைசியிலிருந்து அமெரிக்கச் சட்டத்துக்காகப் பெரிய கறுப்பு ரப்பர் பம்பர் வைத்து, வண்டியையும் உயர்த்திவிட்டார்கள். சேகரிப்பவர்கள் அதைக் கண்டால் முகம் சுளிப்பார்கள், அதனால் விலை குறைவு. ஓட்டுகிறவனுக்கு அந்தக் குறைவு லாபம்.

மூன்றாவது மாஸ்டா எம்.எக்ஸ்-5. 1989-இல் சிகாகோ கண்காட்சியில் வந்தது. பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் காரின் சுகத்தை, எண்ணெய் ஒழுகாமல், மழையில் நிற்காமல் தர வேண்டும் என்று ஜப்பான்காரர்கள் உட்கார்ந்து செய்த வண்டி. 2016-இல் பத்து லட்சத்தைத் தாண்டியது. தினமும் வேலைக்கு ஓட்டுவதென்றால் கண்ணை மூடிக்கொண்டு இதைத்தான் சொல்வேன். ஆனால் கையில் எண்ணெய் படிய வேலை கற்க வேண்டும் என்று நீ எழுதியிருந்தாய். அதற்கு எம்.ஜி.பி.தான் சரி. பின்னால் சாமான் வைக்க இடமும், மழைக்குக் கூரையும் உள்ள எம்.ஜி.பி. ஜி.டி. என் தேர்வு.

எதை வாங்கினாலும் எஞ்சினைப் பார்த்து மயங்காதே, உடம்பைப் பார். எஞ்சின் கெட்டால் இறக்கிச் சரிசெய்துவிடலாம். பாடி அரித்துப்போனால் வண்டியே போச்சு. நம் வீட்டில் இரும்பு பீரோ அடிப்பக்கம்தானே முதலில் துருப்பிடிக்கும்? காரிலும் தண்ணீரும் சேறும் தங்கும் இடம்தான் முதலில் போகும். எம்.ஜி.பி.க்குத் தனி சேஸிஸ் கிடையாது, முட்டை ஓடு போல் உடம்பேதான் எலும்பு. கதவுக்குக் கீழே நீளமாக ஓடும் சில் என்ற பகுதி அந்த எலும்பில் முக்கியமானது. அது உள்ளே அரித்திருந்தால் வண்டி நடுவில் தொய்யும். கதவைச் சுற்றியுள்ள இடைவெளி மேலிருந்து கீழ்வரை ஒரே அளவாக இருக்கிறதா என்று பார். மேலே நெருங்கி, திறக்கும்போது கதவு உரசினால், அங்கேயே வணக்கம் சொல்லிவிட்டு வந்துவிடு.

ஒரு சின்ன காந்தத்தைத் துணியில் சுற்றிப் பையில் வைத்துக்கொள். ஆறாம் வகுப்புப் பாடம்தான். இரும்பில் ஒட்டும், பட்டியில் ஒட்டாது. துருவை மறைத்துப் பட்டி பூசிப் பளபளவென்று பெயிண்ட் அடித்த இடமெல்லாம் அகப்படும். வெயில் அடிக்கும் பகலில், காய்ந்த வண்டியைப் பார். நனைந்த வண்டி எல்லாமே அழகாகத்தான் தெரியும்.

"ஐம்பது வருஷத்தில் இருபதாயிரம் மைல்தான் ஓடியிருக்கிறது" என்று ஒருவர் பெருமையாகச் சொல்வார். அதைக் கேட்டு மகிழாதே. பிரேக் எண்ணெய் காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சும் குணமுடையது. நின்றே கிடந்தால் சிலிண்டருக்குள் துரு ஏறும். ரப்பர் சீல் காயும், பெட்ரோல் பிசினாகி கார்புரேட்டரை அடைக்கும். மாதம் இரண்டு முறை சீராக ஓடி, ஒவ்வொரு பில்லையும் கோப்பில் வைத்திருக்கும் வண்டி அதைவிட மேல்.

காகிதமும் பார். இங்கிலாந்தில் எம்.ஓ.டி. என்ற சோதனை நம் ஊர் எஃப்.சி. மாதிரி. வண்டி எண்ணைப் போட்டால் அரசின் இணையதளத்தில் பழைய சோதனை முடிவுகள் இலவசமாகத் தெரியும். 40 வயது கடந்த, பெரிய மாற்றம் செய்யாத வண்டிக்கு 2018 முதல் அந்தச் சோதனை கட்டாயமில்லை, சாலை வரியும் இல்லை. இதைச் சலுகை என்று மகிழ்பவர்கள் உண்டு. நீ மட்டும் வருஷம் தவறாமல் காசு கட்டிச் சோதனை செய்துகொள். சட்டம் விலக்கு தரலாம், பிரேக் தராது. 2021 செப்டம்பர் முதல் அங்கே சாதாரண பெட்ரோலில் 10 சதவீதம் வரை எத்தனால் கலக்கிறார்கள். அது பழைய ரப்பர் குழாயைத் தின்னும். 5 சதவீதம் கலந்த சூப்பர் பெட்ரோல் போடு, குழாய்களையும் புதிதாக மாற்றிவிடு.

பாதுகாப்பைப் பற்றிப் பெற்றோர் ஸ்தானத்தில் ஒரு வார்த்தை. எம்.ஜி.பி.யில் ஏர்பேக் இல்லை, ஏ.பி.எஸ். இல்லை. பக்கத்தில் போகும் புது கார் நிற்கும் தூரத்தில் இது நிற்காது. முன்னால் போகும் வண்டிக்கும் உனக்கும் நடுவே எப்போதும் கூடுதல் இடம் விடு. மழை ராத்திரியில் நெடுஞ்சாலைக்கு வேறு கார் எடு.

இனி "இது தேவையா" என்று கேட்ட உறவினர்களுக்கு. கடன் வாங்கியோ, பெண் கல்யாணத்துக்கு வைத்த பணத்தை எடுத்தோ வாங்கினால் நானே முதல் ஆளாகத் தடுப்பேன். இவர் கடமையை முடித்துவிட்டு, தனியாகச் சேர்த்த பணத்தில் வாங்குகிறார். நகையை லாக்கரில் வைத்தால் முதலீடு என்கிறோம். ஒரு மனிதர் ஐம்பது வயதுக்கு மேல் ஒரு எந்திரத்தைப் பிரித்துப் பூட்டக் கற்றுக்கொண்டால் மட்டும் ஏன் ஊதாரித்தனம் என்கிறோம்? வால்வ் இடைவெளி சரிசெய்யவும், இக்னிஷன் டைமிங் வைக்கவும் தெரிந்த கைகள் எல்லா ஊரிலும் குறைந்துகொண்டே வருகின்றன. அந்த வித்தை வண்டியோடு சேர்ந்துதான் பிழைக்கும், ஓடாத வண்டி அதைக் காப்பாற்றாது.

ஊரில் இருக்கிறவர்களுக்கும் ஒன்று. உங்கள் தாத்தா வீட்டுக் கொட்டகையில் ஹெரால்டோ பழைய ஃபியட்டோ கிடந்தால், காயலான் கடைக்குப் போடுமுன் ஒரு முறை யோசியுங்கள். 2021-இல் வந்த மத்திய அரசு விதிப்படி, 50 வயது கடந்து, அசல் வடிவம் மாறாத வண்டியை வின்டேஜ் என்று தனியாகப் பதிவு செய்யலாம். கட்டணம் 20,000 ரூபாய், பத்து ஆண்டுக்குச் செல்லும். தினசரி உபயோகத்துக்கு அனுமதி இல்லை. விலைக்கு வாங்க முடியாதவர்கள் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு கோவை ஜீ.டீ. கார் மியூசியத்துக்குப் போய்வாருங்கள்.

தம்பி, அவசரப்படாமல் குறைந்தது ஐந்து வண்டியாவது பார்த்துவிட்டு வாங்கு. சேர்த்த பணத்தில் நாலில் ஒரு பங்கைத் தொடாமல் முதல் வருஷ ரிப்பேருக்கு வை. பக்கத்து எம்.ஜி. கிளப்பில் வாங்குவதற்கு முன்பே சேர், அங்குள்ள பெரியவர் ஒருவரை வண்டி பார்க்கக் கூட அழைத்துப் போ. வாங்கிய பின் சாவியை உன் மகளிடமும் கொடு. பானட்டைத் திறந்து எது எதுவென்று அவளுக்கும் சொல்லிக்கொடு.

மாற்றுக் கருத்து உள்ளவர்கள் கீழே எழுதுங்கள். ஈ-டைப் கட்சிக்காரர்கள் படம் மட்டும் போடாமல் காரணமும் எழுதினால் படித்துப் பதில் சொல்கிறேன். எல்லோரும் நலமாக இருங்கள்.